அப்பா சொல்லச் சொன்னார்

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

மைக்கூடு எழுதுகிறேன். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. நீயும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சுகம்.

ஒன்பது வருஷத்தில் இது ஐந்தாவது கடிதம். முன்னே எழுதிய நாலையும் அப்பா பெயருக்குப் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இந்தத் தடவை உன் பெயருக்குப் போடுகிறேன்.

அவருக்கு வேறு பஸ் டிப்போவுக்கு மாற்றலாகி வீடு மாறியிருக்கிறோம். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். புது வீட்டுக்குப் பின்னால் துண்டு நிலம் இருக்கிறது. நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும், ஆனால் காலை வெயில் பதினொன்று வரைக்கும் விழுகிறது. பார்த்ததும் எனக்கு நம் வீட்டுச் செடிதான் நினைவுக்கு வந்தது. கடையில் விற்கிற சிவப்பு ரோஜாவை மோந்தால் குளிர்பெட்டி வாசம்தான் வருகிறது. அப்பா தன் நர்சரியில் விதை போட்டு எடுத்த ரோஜா உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. மொட்டில் மை மாதிரிக் கறுப்பு, விரிந்தால் ரத்தச் சிவப்பு, பூத்தால் தெருமுனை வரைக்கும் மணக்கும். என் நிறத்துக்காக எனக்கு வைத்த மைக்கூடு என்ற பட்டப்பெயரையே அதற்கும் வைத்தாரே, அந்த மனுஷர் என்னை அடியோடு மறந்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இரண்டே இரண்டு கேட்கிறேன். அந்தச் செடியில் ஒரு போத்துக் குச்சி வெட்டி அனுப்பு. நான் வந்து பார்க்கலாமா என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேள்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி,
மைக்கூடு


மார்ச் 4

தங்கைக்கு அக்கா எழுதுவது. உங்கள் இருவர் சுகமும் அறிந்தேன். இங்கே நாங்களும் இருக்கிறோம். எனக்குப் பல் ஆஸ்பத்திரியில் பழைய வேலைதான், சீட்டு எழுதிக் கொடுப்பது.

அப்பாவுக்கு விழுந்ததிலிருந்து கை நடுங்குகிறது, பேனா பிடிக்க முடியாது. காதும் மந்தம், அதனால் போன் வைத்தும் பயனில்லை. நான்தான் எழுத வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அவ வாயால கேக்கறா. கையால காட்டட்டும். நான் குடுக்கற குச்சியைப் பூக்க வைக்கட்டும், அப்புறம் வரட்டும். பூ வராம இந்தப் படியை மிதிக்கக் கூடாது." அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இத்துடன் மூன்று போத்து. வழியில் வாடாமல் இருக்க இலையையும் முள்ளையும் களைந்து ஈரத்துணியில் சுற்றி அனுப்பச் சொன்னார்.

இன்னொன்று. நர்சரியில் அப்பாவோடு செடிக்கு ஒட்டுக் கட்டின ஒட்டுக்காரருக்கோ, தெருவில் வேறு யாருக்குமோ எழுதி வைக்காதே. ஊர் வாயை மூட எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. நீ சொல்லாமல் கொள்ளாமல் உன் வீட்டுக்காரரோடு போனாயே, அந்த வாரம்தான் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். வரவில்லை. அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? அப்பா தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா? அதை நீ எழுதவே இல்லை. இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் கால் தரையில் பாவவில்லை.

"வரட்டும்" என்று அவர் வாயில் வந்துவிட்டதே, அது போதும். அந்த வரியை மட்டும் எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. "பெத்த அப்பனைப் பாக்கப் பூவை டிக்கெட்டாக் கேக்கறது உங்க வீட்டுலதான்" என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருக்கு என்ன தெரியும்.

மூன்றில் இரண்டு அழுகிவிட்டது. மூன்றாவதை மணலில் ஊன்றி, அடி வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்து மூடி வைத்தேன். இருபத்து மூன்றாம் நாள் கணுவில் பச்சையாக ஒரு புள்ளி. கடையிலிருந்து உருப்பெருக்கி கொண்டுவந்து குந்தியபடி பார்த்தேன். இலைதான்.

ஒரு சந்தேகம். மைக்கூட்டில் துளிர் வந்தால் செம்பு நிறத்தில் இருக்கும் என்று ஞாபகம். இது வெளிர்பச்சையாக இருக்கிறது. அப்பாவிடம் கேட்டு எழுது.

அப்பாவின் கண்ணாடி கீறல் விழுந்ததாகத்தான் இருக்கும், எப்போதும் மண் கையால் துடைப்பார். பவர் எழுதிய சீட்டை அனுப்பு, என் கையால் தேய்த்து அனுப்புகிறேன்.

ஜூனில் எனக்குப் பத்து நாள் லீவு. பூ வருவதற்குள் ஒரே ஒரு தரம் வந்து கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகட்டுமா? உள்ளே கூப்பிட வேண்டாம். கேட்டுப் பாரேன், அக்கா.

மைக்கூடு


ஏப்ரல் 22

தங்கைக்கு,

உடனே எழுதுகிறேன், வராதே.

நீ வருவதாகச் சொன்னதும் அப்பாவுக்கு முகம் சிவந்து மூச்சு வாங்கியது. அதிர்ச்சியான பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையும் மீறி வந்தால், பிறகு நடப்பதற்கு நீதான் பொறுப்பு. கேட்டுக்கு வெளியே நிற்பதும் வருவதுதான்.

துளிர் பற்றிக் கேட்டேன். "மண்ணுல சத்து இல்லைன்னா பச்சையாத்தான் வரும். மண்ணை மாத்தச் சொல்லு. மண்ணை மாத்திக்கறது அவளுக்குப் புதுசு இல்லையே" என்றார். முதலில் வருகிற மூன்று மொட்டையும் விரிய விடாமல் கிள்ளி எறிய வேண்டுமாம். அப்போதுதான் செடி தேறும். நாலாவதைத்தான் பூ என்று எண்ணுவாராம்.

தூக்கம், சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கிறது. மருந்து கொடுப்பது, துணி மாற்றுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் நான். கூப்பிடுவது மட்டும் உன் பெயர். எனக்கு அவர் பட்டப்பெயர் எதுவும் வைக்கவில்லை என்பது உனக்கு நினைவிருக்கிறதா?

கண்ணாடிச் சீட்டு உள்ளே இருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் நலம்தானே? எனக்கு இரண்டு நாளாக மனசு சரியில்லை. கண்ணாடியைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்திருக்கும்.

ஏப்ரலில் எழுதியதோடு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நடுவில் இரண்டு கார்டு போட்டேன். அப்பா சொன்னதை எல்லாம் அப்படியே செய்தேன். பழைய மண்ணை ஒரு முழம் தோண்டி அள்ளிக் கொட்டிவிட்டுச் செம்மண், மக்கிய சாணம், எலும்புத்தூள் போட்டேன். அசுவினிப் பூச்சி வந்தபோது மருந்து அடிக்காமல் பழைய பல் பிரஷ்ஷால் இலை இலையாகத் தள்ளினேன். மூன்று மொட்டைக் கிள்ளினேன். மூன்றாவதைக் கிள்ளும்போது கை வரவில்லை, கண்ணை மூடிக்கொண்டுதான் கிள்ளினேன். லீவு பத்து நாளும் அந்தச் செடி முன்னாலேயே போயிற்று.

நாலாவது மொட்டு நேற்று முன்தினம் விரிந்தது.

ஐந்தே இதழ். வெளிறின ரோஸ் நிறம். சட்டைப் பொத்தான் அளவு. மூக்கருகே வைத்து இழுத்தால் ஒன்றுமே இல்லை, அக்கா. பச்சைத் தண்ணீரை மோந்த மாதிரி இருக்கிறது. "பூ பூத்திருச்சுல்ல, கிளம்பு போகலாம்" என்று அவர் பையை எடுத்து வைத்தார். இதை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு அப்பா முன்னால் நிற்பேன்?

பூவைத் தாளில் வைத்து அழுத்தி அனுப்பியிருக்கிறேன். நான் எங்கே தப்பு செய்தேன் என்று கேள். திட்டினார் என்றால் பூசி மெழுகாமல் திட்டையே எழுது. அவர் திட்டைக் கேட்டும் ஒன்பது வருஷம் ஆகிறது.

மைக்கூடு


செப்டம்பர் 9

தங்கைக்கு,

இரண்டு பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண்ணாடி வந்தது. போட்டுப் பார்த்தார். நன்றாகத் தெரிகிறது என்றார். தெரிந்ததுதான் வினையாயிற்று.

பூவை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தார். தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். சொல்ல மாட்டேன் என்று இருந்தேன், நீயே திட்டை எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

"மேல இருந்த ஒட்டு செத்துப்போச்சு. அடியில இருந்த காட்டு வேர் கிளம்பி வந்து பூத்திருக்கு. நல்ல ஜாதியை ஒட்டிக் குடுத்தாலும் பார்க்கத் தெரியாதவ கையில காடுதான் வரும். அவளே அப்படித்தான். எவ்வளவு ஒட்டிப் பார்த்தேன், அடியில இருந்த காடு வந்துருச்சு. இனிமே அவ பேரை எங்கிட்ட எடுக்காத."

எனக்கே கஷ்டமாக இருந்தது. என்ன செய்வது. அவர் சுபாவம் உனக்குத் தெரியும்.

மனதைத் தேற்றிக்கொள்.
அக்கா


செப்டம்பர் 30

பாப்பாவுக்கு, நர்சரி ஒட்டுக்காரர் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும். எனக்கு முட்டிவலி தவிர வேறு உபத்திரவம் இல்லை. உன் கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதினாயே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் பிரித்தேன். படித்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன். பதில் எழுத எட்டு நாள் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்.

நீ கேட்டது சரி. ஒட்டுக் கட்டின செடிக்குத்தான் அடியில் காட்டு வேர் உண்டு. வெறும் குச்சியை மண்ணில் ஊன்றினால் அதற்கு ஏது ஒட்டு, ஏது காட்டு வேர்? குச்சி எதுவோ அதுதான் பூக்கும். இதை நர்சரியில் தண்ணீர் ஊற்ற வருகிறவர்கள் கூடச் சொல்வார்கள். நாற்பது வருஷம் ஒட்டுக் கட்டின உன் அப்பா வாயில் அந்தப் பேச்சு வராது.

வரவும் முடியாது, பாப்பா. உன் அப்பா போன வருஷம் நவம்பர் பதினேழாம் தேதி போய்ச் சேர்ந்துவிட்டார். தூக்கினவர்களில் நானும் ஒருத்தன். "தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பினேன், வரமாட்டேன்னுட்டா" என்று உன் அக்கா எல்லோரிடமும் சொன்னாள். நாங்களும் நம்பினோம். உன்னை வாய்க்கு வந்தபடி பேசினவர்களில் நானும் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

உன் பழைய கடிதம் ஒன்றுகூட அவர் கைக்குப் போனதாகத் தெரியவில்லை. நடமாட்டம் இருந்த வரைக்கும் உன் அப்பா தபால்காரரின் சைக்கிளை வழிமறித்து, "என் பொண்ணு எழுதியிருக்காளா" என்று கேட்பார். தபால்காரர் மணியடிப்பதற்கு முன்பே உன் அக்கா கேட்டில் நிற்பாள்.

நீ வரைந்து காட்டியிருக்கிற பூ உங்கள் வீட்டு வேலியில் தானாக மண்டிக் கிடக்கிற காட்டு ரோஜா. மைக்கூட்டுச் செடி பின்கட்டில் நன்றாகவே இருக்கிறது. படுக்கையில் விழுவதற்கு முன்னால் அதில் ஒரு கன்று எடுத்துத் தொட்டியில் வைக்கச் சொன்னார். "பாப்பா வந்தா குடு, வரலைன்னா அனுப்பி வை" என்றார். வைத்தேன். "நான் பார்சல்ல அனுப்பிக்கறேன்" என்று உன் அக்கா வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் அந்தத் தொட்டி குப்பை மேட்டில் கிடந்தது. இப்போது பின்கட்டுக் கதவுக்குப் பூட்டு.

கடைசி மூன்று நாள் அவள் யாரையும் உள்ளே விடவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

தைரியமாக இரு.
ஒட்டுக்காரர்


அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலம்.

அப்பா திட்டினது நியாயம்தான். பெரியவர் கோபத்தில் சொன்னதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அதனால் வருகிற இருபதாம் தேதி காலை வண்டியில் வந்து இறங்குகிறேன். அப்பா அடித்தாலும் சரி. அன்றைக்கு அவருக்குச் சவரம் செய்து, நான் அனுப்பின கண்ணாடியைப் போட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வை. காலடியில் ஒரு அரைமணி உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறேன்.

வேறு ஏதாவது என்னிடம் சொல்ல இருந்தால், இருபதாம் தேதிக்குள் எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

தங்கை


அக்டோபர் 12

தங்கைக்கு,

கை ஓடாமல் எழுதுகிறேன். நேற்று முன்தினம் சாயங்காலம் அப்பா நம்மை விட்டுப் போய்விட்டார்.

உன் கடிதம்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். "இருபதாம் தேதி வந்து இறங்குகிறேன்" என்ற இடம் வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "வராதேன்னு சொன்னேனே" என்றார். அவ்வளவுதான். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. வராதே, வராதே என்று ஏப்ரலிலிருந்து எழுதினேன். நீ எப்போதுமே உன் இஷ்டப்படி நடந்தவள். உன்மேல் பழி போடவில்லை. நடந்ததை எழுதினேன்.

காரியம் எல்லாம் முடித்துவிட்டோம். ஒட்டுக்காரர் முதற்கொண்டு எல்லோரும் வந்து நின்றார்கள். இனி நீ வந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. வீண் செலவு, வீண் அலைச்சல். அங்கேயே இருந்து மனதைத் தேற்றிக்கொள்.

அக்கா


அக்டோபர் 20

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை.

அப்பா செத்தது போன நவம்பர் பதினேழு. ஒட்டுக்காரர் எழுதிவிட்டார். ஆறாம் தேதி நான் உனக்கு எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். அந்தக் கடிதத்தைப் பார்த்தாவது, "அப்பா இல்லை, பொய் சொல்லிவிட்டேன்" என்று ஒரு வரி எழுதுவாய் என்று நினைத்தேன். எழுதியிருந்தால் இன்றைக்கு உன்னைப் பார்க்கத்தான் வந்திருப்பேன். பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தேன், அக்கா. நீ அப்பாவை இன்னொரு தரம் சாகடித்தாய். அதற்கும் என் கடிதத்தையே கத்தியாக எடுத்தாய்.

செத்துப்போனவர் கண்ணுக்கு நான் லென்ஸ் தேய்த்திருக்கிறேன். ஒரு வாரம், வேலை முடிந்த பிறகு, முதலாளியிடம் கெஞ்சி. வேலிக் குச்சிக்கு உரம் வைத்து அதன் முன்னால் குந்தியிருந்திருக்கிறேன். நான் போனதால் உனக்கு வரவேண்டிய சம்பந்தம் போயிற்று, அது என் தப்பு. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒன்பது வருஷமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். இப்போது ஒன்றும் மிச்சமில்லை.

வேலி ரோஜாவை இன்று காலை என் வீட்டுக்காரர் பிடுங்கி எறிந்தார். நான் தடுக்கவில்லை. எனக்குச் செடி வேண்டாம், வீட்டில் பங்கு வேண்டாம், கண்ணாடியையும் திருப்பி அனுப்ப வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கடைசி மூன்று நாள் நீ மட்டும்தான் பக்கத்தில் இருந்தாய். அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? நீ வாய் திறந்தால் பொய் என்று தெரிந்தும் உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு வேறு ஆள் இல்லை.

தங்கை


டிசம்பர் 3

தங்கைக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள். எனக்குக் கொஞ்சம் இருமல், வேறொன்றும் இல்லை.

உன் நாலு கடிதமும் என்னிடம்தான் இருக்கிறது. பாராமல் சொல்லுவேன், அத்தனை தரம் படித்திருக்கிறேன். வேலிக் குச்சியை வெட்டி அனுப்பினதும் நான்தான். எதற்கு என்று கேட்டால், பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்று அப்பா போய் மூன்று மாசம் ஆகியிருந்தது. வீட்டில் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லை. "அப்பா இல்லை" என்று எழுதினால் நீ ஒரு தரம் அழுதுவிட்டு முடித்துக்கொள்வாய். நான் ஒன்பது வருஷம் முடிக்க முடியாமல் கிடந்தவள். நீயும் கொஞ்சம் கிடந்து பார்க்கட்டும் என்று தோன்றியது. எழுத எழுத அவர் பேசுவது எனக்கே காதில் கேட்டது. ஒட்டு விஷயத்தில் மட்டும் சறுக்கிவிட்டேன். எனக்கு அவர் அதெல்லாம் சொல்லித் தரவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

கண் மங்கி ஆள் குழம்ப ஆரம்பித்த முதல் இரண்டு வருஷம் அவர் என்னை மைக்கூடு என்று கூப்பிடும்போதெல்லாம், "நான் மைக்கூடு இல்லப்பா, பெரியவ" என்று திருத்திக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாப்பிட மாட்டார். பிறகு திருத்துவதை விட்டேன். கூப்பிட்டால் "சொல்லுங்கப்பா" என்றேன். முகம் மலர்ந்து போகும். தலையைத் தடவுவார். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, அதுவரைக்கும் அவர் என் தலையைத் தடவினதில்லை.

கடைசி நாள் காலையில் நினைவு தெளிந்து பேசினார். மைக்கூடு என்று கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி ஐந்து நிமிஷம் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதை நான் எழுத மாட்டேன். மன்னித்தார் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. சபித்தார் என்று எழுதினாலும் நம்பப் போவதில்லை. நம்பாதவளுக்கு எழுதி அதை நான் எதற்காகக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? பெயர் உன்னுடையதாக இருக்கலாம். பிடித்தது என் கையை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். உன் வீட்டுக்காரரையும் நான் விசாரித்ததாகச் சொல்.

அக்கா